காப்புக் கட்டிப் படித்த புத்தகம்

“காளி அங்கிள், இந்தப் பிள்ளைங்கள அணைக்குள்ள இறக்கிவிடுறப்போ அவங்க அம்மா அப்பா எல்லாம் எங்க இருந்தாங்க?”

லோஷினி இப்படிக் கேட்டபோது உலு திராம் ஊரில் ஒரு சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கில் வேன் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. மடியில் தடித்த மலாய் நாவல் ஒன்று விரிந்து கிடந்தது. வேன் ஓட்டும் காளிதாஸுக்கு எந்த அணை, யார் பிள்ளைகள் என்று ஒன்றும் தெரியாது.

“தெரியலையேம்மா. படிச்சுப் பாத்துச் சொல்றேன்” என்றார்.

பெரியவர்கள் இப்படிச் சொல்வது பேச்சை அத்தோடு முடிப்பதற்காக. காளிதாஸிடம் ஒரு குறை உண்டு. சொன்னதைச் செய்துவிடுவார்.

வேன் உலு திராம் இளையோர் நெறிகாப்பு மன்றத்துக்குச் சொந்தமானது. கோயில் மண்டபத்தில் மன்றம் மாலை நேர இலவச வகுப்பு நடத்தியது. லோஷினியின் அம்மா கஸ்தூரி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து போனால், வீடு திரும்ப இரவாகிவிடும். அப்பா இல்லை. ஆகவே லோஷினிக்கு அந்த வகுப்பு கணிதமும் அறிவியலும் மட்டுமல்ல. ஒரு தட்டுச் சோறு, விளக்கு எரியும் ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர்.

வகுப்புக்குள் பாடநூல் தவிர வேறு நூல் கொண்டுபோகக் கூடாது என்பது மன்றத்தின் விதி. அதனால் அவள் நாவலை வேனிலேயே விட்டுவிட்டு இறங்குவாள். வகுப்பு முடியும்வரை காளிதாஸ் மரநிழலில் வேனை நிறுத்திக்கொண்டு அதைப் படித்தார்.

கதை ஒரு வறண்ட நகரத்தில் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தெருவும் ஒரு பிள்ளையை வற்றிய அணைக்குள் இறக்கவேண்டும். பிறகு மதகைத் திறப்பார்கள். மற்றவர்களை மிதித்து மதிலில் ஏறும் பிள்ளை எந்தத் தெருவோ, அந்தத் தெருவுக்கு அந்த ஆண்டு தண்ணீர். மற்ற பிள்ளைகள் மூழ்கிவிடுவார்கள். ஒரு பெண் தன் தம்பியைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குகிறாள். பெற்றோர் எங்கே இருந்தார்கள் என்பதும் புத்தகத்தில் இருந்தது. மதில் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காளிதாஸ் விபூதி பூசாமல் வண்டியை எடுக்காதவர். வேன் கழுவும்போது சக்கரத்தில் எறும்பு ஊர்ந்தால், அது போகும்வரை குழாயை மூடிவைத்துக் காத்திருப்பவர். அப்படிப்பட்டவர் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளும் பக்கத்தைப் படித்தார். பின்னால் திருப்பி இன்னொரு தடவை படித்தார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிவந்தபோது, இன்றைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டார்கள் என்று எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலைப் பார்த்து அவருக்கே பயமாகிவிட்டது. மறுநாள் முருகன் சன்னிதியில், “இதெல்லாம் பிடிக்குதே, இது பாவமா?” என்று கேட்டார். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்தைப் படித்தார். பிறகு, அப்படி எடுத்துக்கொண்டதற்காக வெட்கப்பட்டார்.

கால் ஊனமான ஒரு பையன் இன்னொருவனைத் தூக்கிவிட்டுத் தான் மூழ்கும் இடம் வந்தது. காளிதாஸால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் காகிதத்தில் மடித்திருந்த கோயில் விபூதியை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தார். செத்துப்போன பிள்ளைக்கு வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

லோஷினியின் அடையாளம் ஒரு பேருந்துச் சீட்டு. அது விபூதிப் பொட்டலத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

“என்னைத் தாண்டிப் போய்ட்டீங்களா அங்கிள்? தம்பி பொழைக்கிறானா? இல்ல இல்ல, சொல்லாதீங்க!”

“இவ்வளவு சாவு இருக்கே, தூக்கம் வருதாம்மா உனக்கு?”

“அம்மா வர்ற வரைக்கும் சும்மாவே தூக்கம் வராது.” மடியிலிருந்த நாவலைத் தட்டிக் காட்டினாள். “இதுலயும் பெரியவங்க எல்லாம் ‘உங்க நல்லதுக்குத்தான்’னு சொல்றாங்க அங்கிள். ஆனா இதுல அது பொய்னு எழுதியிருக்கு.”

ஒரு நாள் திடீரென்று மழை பிடித்தது. மன்றச் செயலாளர் உமாதேவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, குடை தேடி வேனுக்குள் ஏறினார். குடை கிடைக்கவில்லை. நாவல் கிடைத்தது. விபூதி இருந்த பக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது. ஒரு பத்தி படித்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தை மட்டும் நன்றாகத் திறந்தே பிடித்தபடி மண்டபத்துக்குள் நடந்தார். காளிதாஸ் நனைந்துகொண்டே பின்னால் ஓடினார்.

“புள்ளைங்க செத்துக் கெடக்குற பக்கத்துல முருகன் விபூதி! யாரு இத வச்சது?”

காளிதாஸ் வாயைத் திறந்தார். அந்த வாயில் வேன் வேலை, மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. சொல் வெளியே வர வழியில்லை.

“நான்தான் டீச்சர். புக்கும் என்னோடதுதான்” என்றாள் லோஷினி.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் கமலநாதனை எல்லாரும் ‘டத்தோ’ என்றே அழைத்தார்கள். பட்டம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் நாளில் நாக்கு தடுமாறக் கூடாது என்று முன்கூட்டியே பழகிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. நெறிகெட்ட நூலை உறுப்பினர் எவரும் படிக்கக் கூடாது என்று மன்றத்தின் விதி சொன்னது. படித்துப் பார்க்காமல் எந்த நூலையும் நெறிகெட்டது என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதற்கு அடுத்த விதி சொன்னது. இரண்டையும் எழுதியவர் டத்தோ. இரண்டிலும் ஒரே மையில் கையெழுத்து.

தேநீர் இரண்டாம் சுற்று வந்தபோது உமாதேவிக்கு வழி தோன்றியது. “எங்க அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தப்போ, அவருக்காக என் தம்பி காவடி எடுத்தான். பலன் அண்ணனுக்குத்தான் கெடச்சது. அதே மாதிரி நமக்காக ஒருத்தர் படிக்கட்டுமே.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

“மலாய் நல்லாத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்” என்றார் டத்தோ. “அதோட, கெட்டுப்போனாலும் மன்றத்துக்கு நஷ்டம் இல்லாத ஆளா இருக்கணும்.”

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த வேன் ஓட்டுநர் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின.

கோயில் குருக்கள் தயங்கினார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். “புஸ்தகம் படிக்கக் காப்புக் கட்டுறதுக்கு ஆகமத்துல விதி இல்லீங்களே.”

“உங்க பெர்மிட் எப்ப முடியுது சாமி?” என்றார் டத்தோ.

“தை மாசம்.”

“நல்லாத் தேடிப் பாருங்க.”

குருக்கள் தேடிப் பார்த்தார். விதி இருந்தது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் காளிதாஸின் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். படித்து முடிக்கும்வரை சைவம், வெறுந்தரையில் படுக்கை, வேன் ஓட்டும்போதும் செருப்பு கூடாது. நாளுக்கு ஓர் அத்தியாயம். புத்தகத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். படித்ததும் தலையில் மஞ்சள் தண்ணீர். பிறகு மண்டபத்தில் நின்று, படித்ததை மன்றத்துக்கு வாயால் சொல்லவேண்டும். காதால் கேட்பதற்கு விதியில் தடை இல்லை.

இது கொடுமையான தண்டனை என்று எல்லாரும் அவருக்காக இரக்கப்பட்டார்கள். காளிதாஸும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். உள்ளுக்குள், முதலிலிருந்து மறுபடி படிக்கலாம் என்று ஒரு மகிழ்ச்சி. முருகனிடம் அதையும் சொன்னார்.

முதல் நாள் கேட்க வந்தவர்கள் டத்தோ, உமாதேவி, பொருளாளர் ஜெயபாலன். மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்புறம் மதகத் திறந்தாங்க” என்றார் காளிதாஸ்.

“ஐயோ, காதால கேக்க முடியல” என்றார் உமாதேவி. “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

மறுநாள் மூவரும் மனைவி கணவரோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் மகளிர் பிரிவு வந்தது. பிறகு மண்டபத்தில் இடம் போதாமல் வகுப்பு நடக்கும் மேசைகளை ஓரம் தள்ளினார்கள். வகுப்பு ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. பிறகு பிள்ளைகளை வெளியே கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

“எப்படித் தள்ளுனா? முன்னாலேருந்தா, பின்னாலேருந்தா?”

“பின்னாலேருந்து, டத்தோ.”

“அடப்பாவி! என்ன வளர்ப்பு! சரி, விழுந்தவன் உடனே செத்தானா?”

“உடனே சாகல.”

“ச்சே!” என்றார் டத்தோ. அது இரக்கமா ஏமாற்றமா என்று காளிதாஸுக்குப் புரியவில்லை.

திருவிழாக் காலத்தில் ஒவ்வொரு நாள் பூசைக்கும் ஒரு குடும்பம் உபயம் ஏற்கும். அதே முறையை ஜெயபாலன் இங்கும் கொண்டுவந்தார். ஐந்தாம் அத்தியாய உபயம் ஒரு நகைக்கடைக்காரர், கேசரி. ஆறாம் அத்தியாயம் ஓர் அச்சகம். கச்சான் பூத்தே என்கிற வறுத்த கடலை, சூடாக, பொட்டலம் பொட்டலமாக. அதிகப் பேர் சாகும் அத்தியாயத்துக்கு இரண்டு குடும்பங்கள் போட்டியிட்டன. ஒருவருக்குத் திருமண நாள் அன்றைக்குத்தான் வருகிறதாம். விட்டுக்கொடுக்கும்படி டத்தோ நேரில் போய்ப் பேசிச் சமாதானம் செய்துவைத்தார். பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று புகார் வந்ததும், மேடை போட்டு முன்வரிசையை உயர்த்தினார்கள். அதனால் பின்வரிசைக்கு இன்னும் தெரியாமல் போனது.

காளிதாஸ் கீழே தரையில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்தார். உயரத்தில் வரிசையாக நாற்காலிகள். எல்லார் மடியிலும் கடலை. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று யோசிப்பதற்குள், “ம், அப்புறம்?” என்றார்கள்.

லோஷினி வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். விசாரணை முடியும்வரை தற்காலிகமாக என்று கடிதம் போயிருந்தது. வேன் அவளுடைய அடுக்குமாடியின் கீழே மற்றப் பிள்ளைகளுக்காக நிற்கும்போது, அவள் மூன்றாம் மாடி நடையில் நிற்பாள். ஒரு நாள் இறங்கி வந்தாள்.

“செருப்பு எங்க அங்கிள்?”

“விரதம்மா.”

“என் புக் படிக்கிறதுக்கா? அலமாக்!” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “அத என்ன பண்ணுவாங்க? தண்ணி தம்பிக்குக் கழுத்து வரைக்கும் வந்துருச்சு. அந்த எடத்துல புடுங்கிட்டாங்க.”

“லோஷினி, விபூதி நான் வச்சது. நீ ஏம்மா...”

“உங்களுக்கு வேல போயிரும்லா. எனக்கு கிளாஸ்தானே.”

‘தானே’ என்று அவள் சொன்னபோது, பின்னால் படிக்கட்டில் ஒரு ரொட்டிப் பொட்டலம் பாதி பிரிந்து இருந்தது. அதுதான் அன்றைய இரவுச் சாப்பாடு என்று காளிதாஸுக்குப் புரிந்தது.

“கடைசி நாளு கூட்டத்துல சொல்லிடுறேன். சத்தியமா.”

“ம்” என்றாள். நம்பிக்கையோடு சொன்ன ‘ம்’ இல்லை. அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னது.

கடைசி அத்தியாயத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. தம்பி பிழைத்தானா என்பதைக் காளிதாஸ் சொன்னார். அதை இங்கே எழுதினால், லோஷினிக்கு முன்னால் உங்களுக்குச் சொன்னதாகிவிடும். சிலர் அழுதார்கள் என்பது மட்டும் உண்மை. அழுதவர்களில் உமாதேவியும் ஒருவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தடை பண்ண வேண்டிய புத்தகம்” என்றார்.

அப்போது காளிதாஸ் உட்காராமல் நின்றார்.

“டத்தோ, ஒரு விஷயம். அந்த விபூதிய வச்சது அந்தப் பொண்ணு இல்ல. நான்தான். செத்த புள்ளைக்காக வச்சேன். அவ எனக்காகப் பொய் சொன்னா. தண்டனைய எனக்குக் குடுங்க. அவள மறுபடி வகுப்புல சேத்துக்குங்க.”

டத்தோ குருக்களைப் பார்த்தார். குருக்கள் தரையைப் பார்த்தார்.

“காளிதாஸ், கையில என்ன?”

“காப்பு, டத்தோ.”

“காப்புக் கட்டுனவரு பொய் சொல்ல முடியுமா?”

“முடியாது, டத்தோ. அதனாலதான் சொல்றேன்.”

“ஆனா நீங்க சொல்றது உண்மைன்னா, காப்புக் கட்டுறதுக்கு முன்னாலயே நீங்க இந்தப் புத்தகத்தப் படிச்சிருக்கீங்க. அப்ப காப்பு செல்லாது. காப்பு செல்லாதுன்னா நீங்க படிச்சது செல்லாது. நாங்க கேட்டது செல்லாது. இத்தன உபயமும் செல்லாது.” உபயதாரர்கள் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். “காப்பு செல்லுபடியாகணும்னா, நீங்க இப்ப சொன்னத நாங்க யாரும் கேக்கல. யாராவது கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை.

பிறகு டத்தோ நிறைவுரை ஆற்றினார்.

“எல்லாரும் இந்தப் புத்தகத்துல புள்ளைங்க சாகுறது தப்புன்னு நெனக்கிறீங்க. நான் அப்படி நெனக்கல. கதைன்னா நாலு பேரு சாவாங்க. எனக்கு மனசு வலிக்கிறது எங்கன்னா, மதில் மேல இருக்கிற பெரியவங்களக் கெட்டவங்களாக் காட்டியிருக்காங்க. ஒரு நிகழ்ச்சி நடத்துறதுன்னா சும்மாவா? அணையத் தொறக்க அனுமதி வாங்கணும், நாற்காலி போடணும், தண்ணி வர்ற நேரமும் பிரமுகர் வர்ற நேரமும் ஒத்துப்போகணும். அந்த ஏற்பாட்டுக் குழுவப் பத்தி இந்த எழுத்தாளர் ஒரு நல்ல வார்த்த எழுதல. இப்படிப் படிக்கிற புள்ள நாளைக்கு நம்மளப் பாத்து என்ன நெனக்கும்? அதத் தடுக்கத்தான் இந்த மன்றம்.”

பலத்த கைதட்டல். லோஷினியை ஓராண்டு நீக்குவது என்றும், அது அவள் நல்லதுக்குத்தான் என்றும் தீர்மானம் நிறைவேறியது. அவள் இடத்தில் ஜெயபாலனின் அக்கா மகன் சேர்ந்தான். காளிதாஸின் சேவையைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அழுததை, உணர்ச்சிவசப்பட்டார் என்று குறித்துக்கொண்டார்கள்.

புத்தகத்தைக் கிழித்தால் எழுத்தின் பாவம் சேரும், எரித்தால் சரஸ்வதி கோபிப்பாள். ஆகவே கோத்தா திங்கி ஆற்றில் கரைப்பது என்று முடிவானது. ஒரு ஞாயிறு காலை இரண்டு பேருந்துகளும் காளிதாஸின் வேனும் புறப்பட்டன. மன்றத்தின் பெயரும் டத்தோவின் முகமும் அச்சிட்ட நீண்ட பதாகையை ஆற்றங்கரையில் கட்டினார்கள். எல்லாருக்கும் விழா மலர் வழங்கினார்கள். வழவழப்பான தாள், கனமான அட்டை; பக்கத்துக்குப் பக்கம் டத்தோ, ஒவ்வொரு பக்கத்திலும் வேறு ஒருவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா கேட்டுக்குங்க” என்றார் குருக்கள். “காப்பை அவுத்து, புஸ்தகத்தோட சேத்து மஞ்சத் துணியில முடிஞ்சு, இவரு ஒருத்தர் மட்டும் ஆத்துல விடணும். மத்தவா எல்லாரும் முதுகைக் காட்டி நிக்கணும். யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா தோஷம் பாத்தவாளப் புடிச்சுக்கும்.”

“போட்டோ?” என்றார் டத்தோ.

“கேமராவும் பாக்கக் கூடாதுங்க.”

நீண்ட ஆலோசனை நடந்தது. ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் பிரமுகர்களின் முகத்தைப் படம் எடுக்கலாம் என்றும், காளிதாஸ் இருக்கும் இடத்தை டத்தோவின் தோள் மறைத்துக்கொள்ளும் என்றும் வழி காணப்பட்டது. எல்லாரும் திரும்பி நின்று சிரித்தார்கள்.

காளிதாஸ் தனியாகத் தண்ணீர் ஓரத்தில் குந்தினார். செம்மண் கலந்த ஆறு அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மடியில் நாவல். பக்கத்தில் அவருக்குக் கொடுத்த விழா மலர். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. காப்பை அவிழ்த்தார். மஞ்சள் துணியை விரித்தார். குருக்கள் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, உரத்த குரலில், நீளமாக, அவசியத்துக்கு மேல் நிதானமாக மந்திரம் சொன்னார்.

தண்ணீரில் கனமான ஒரு சத்தம் கேட்டது. கரையில் கைதட்டினார்கள்.

“நல்லா முங்குச்சா?” என்று திரும்பாமலே கேட்டார் டத்தோ.

“நல்லா முங்குச்சு, டத்தோ.”

திரும்பும் வழியில் ஜெயபாலன் வேனில் முன்னால் ஏறிக்கொண்டார். “ஆளுங்க விடமாட்றாங்க, காளி. அடுத்த புத்தகம் என்னன்னு கேக்கிறாங்க. ஏழு அத்தியாயத்துக்கு உபயம் ஆயிருச்சு. அதுல இன்னும் நெறையப் பேரு சாவாங்களாம்.”

காளிதாஸ் சாலையைப் பார்த்து ஓட்டினார். இருபுறமும் செம்பனைத் தோட்டம். முதுகுக்குப் பின்னால், சட்டைக்குள், இடுப்புத் துணியில் செருகிய புத்தகம் ஒவ்வொரு மேட்டிலும் முதுகெலும்பில் இடித்தது.

எல்லாரையும் இறக்கிவிட்டுவிட்டு அடுக்குமாடிக்குப் போனார். வெயில் இறங்கும் நேரம். மூன்றாம் மாடி நடையில் யாரும் இல்லை. கஸ்தூரியின் வீட்டுக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. ஞாயிறு ஒரு நாள்தான் அம்மாவும் மகளும் சேர்ந்து வெளியே போவது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு அலமாரி. அதன் தட்டில் லோஷினியின் வெள்ளைப் பள்ளிக் காலணி கழுவிக் காயவைத்திருந்தது.

காளிதாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதில் பிள்ளைகள் சாகிறார்கள். ஒருவரை ஒருவர் மிதிக்கிறார்கள். தன் மகள் இந்த வயதில் இதைப் படித்திருந்தால் சம்மதித்திருப்பாரா என்று கேட்டுக்கொண்டார். இதைத் திருப்பிக் கொடுப்பதால் அவளுக்கு வகுப்பு கிடைக்காது, சோறு கிடைக்காது, நாளை மாலை அவள் அதே படிக்கட்டில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. கையில் ஒரு புத்தகமாவது இருக்கட்டும் என்று தோன்றியது. அது சரியான காரணமா என்று முருகனைக் கேட்கவில்லை.

பேருந்துச் சீட்டு அவள் விட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. தண்ணீர் தம்பியின் கழுத்து வரை வந்த பக்கம். சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் விபூதி எடுத்து, பக்கத்துக்குள் வைக்காமல், அட்டையின் மேல் விரலால் லேசாக ஒரு கோடு இழுத்தார். துடைத்தால் போய்விடும்.

புத்தகத்தை அலமாரிக்குள் காலணிக்கு அடியில் வைத்து, காலணியை முன்பு இருந்த மாதிரியே திருப்பி வைத்தார்.

பிறகு வெறுங்காலோடு படியிறங்கினார். விரதம் முடிந்துவிட்டது; செருப்பு வேனில்தான் இருந்தது, போட மறந்துவிட்டார். கீழே போய்ச் சேரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முறை அப்படித்தான்.